பூசணம் பூத்த சோறு

சோறு கெடாமல் இருந்துவிட்டால்
எங்களுக்குத் திட்டு விழும்.

அரை வேக்காட்டு அரிசி, பை பையாக.
ஆவித் தொட்டியிலிருந்து எடுத்து ஆறியதும்
மூலையில் ஊசி குத்திப்
பூஞ்சை கரைத்த நீரை விடுவேன்.
மூன்றாம் நாள் வெள்ளைப் பஞ்சு.
கட்டி தட்டாமல் பையைக் குலுக்க வேண்டும்.
பத்தாம் நாள் பாசிப் பச்சை.
மஞ்சள் கசிந்தாலோ புளித்த வாடை வந்தாலோ
வேறெதுவோ உள்ளே குடியேறிவிட்டது,
பையோடு அவித்துக் குப்பையில்.

இதற்கு முன் கரும்பு வெட்டினேன்.
பியாவியிலிருந்து மூன்று நாள் பேருந்து.
செர்த்தாவோஸினியோவில் இறங்கினால்
முந்தின இரவு கொளுத்திய வயல்
இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும்.
கரி துப்பினோம். கரியாய் மூக்கைச் சிந்தினோம்.
தீயில் சோகை எரிந்தது, பாம்பு எரிந்தது,
பூச்சியின் முட்டையும் எரிந்தது.
அதை அப்போது யாரும் கணக்கில் வைக்கவில்லை.

பிறகு கொளுத்தக் கூடாது என்று சட்டம் வந்தது.
இயந்திரம் வந்தது.
நூறு பேர் வேலையை ஒரே ஆள்
குளிரூட்டிய கண்ணாடிக்குள் உட்கார்ந்து பார்த்தான்.
உதிர்ந்த சோகை வயலிலேயே மெத்தையாகக் கிடந்தது.
மழை விழுந்ததும் மெத்தைக்கடியில்
வேரைச் சுற்றி நுரை,
யாரோ துப்பிவிட்டுப் போனது போல.
விரலால் விலக்கினால் உள்ளே
வெளுத்த குஞ்சு ஒன்று,
வேரில் வாயை வைத்தபடி.

அந்தப் பூச்சி இல்லாவிட்டால்
எனக்கு இந்த வேலை இல்லை.
ஞாயிறு பூசையில்
இதற்கு நன்றி சொல்லலாமா, தெரியவில்லை.

ஜனவரியில் ஏழாம் வயலில் நுரை அடங்கவில்லை.
மீட்டருக்கு ஒன்பது குஞ்சு.
"உங்கள் சோறு செத்த சோறு" என்று
சர்க்கரை ஆலையிலிருந்து ஆள் வந்தது.
டாக்டர் ஐராசி எடுத்துவைத்த மாதிரிப் பையை
மூன்று முறை சோதித்தார்.
மூன்று முறையும் முளைத்தது.
பிறகு என்னைப் பார்த்தார்:
"வயலை உனக்குத் தெரியும். போய் வா."

ஜெனிவால்டோ தெளிப்புத் தொட்டியைக் காட்டினான்.
மூடியைத் திறந்து முகர்ந்தேன்.
"இதில் அதற்கு முன் என்ன அடித்தாய்?"
"துருநோய் மருந்து."
"அது எதைக் கொல்லும்?"
"பூஞ்..." என்றவன்
பாதிச் சொல்லிலேயே தொப்பியைக் கழற்றினான்.

நான்கு முறை கழுவினோம்.
வெயில் சாயக் காத்திருந்தோம்,
வெயில் பட்டால் வித்து செத்துவிடும்.
அவன் காப்பிக் குடுவையை நீட்டினான்.
இதே வரிசையில் ஒருகாலத்தில்
நான் வெட்டிய நீளத்தைக் கோலால் அளந்து
ஒவ்வொரு பத்துக்கும் ஒன்றைத்
தின்றிருக்கிறான் ஒருவன்.
அவன் பெயர் நினைவுக்கு வரவில்லை.
கோல் நினைவிருக்கிறது.

ஆறு மணிக்கு டிராக்டர் நகர்ந்தது.
பச்சைத் தண்ணீர் சோகைக்குள் இறங்கியது.
எந்தச் சோகை பூச்சிக்குக் கூரையோ
அதே சோகைதான் பூஞ்சைக்கும்.

பதினைந்து நாள் கழித்து
முழங்காலிட்டுக் கிளறினேன்.
நுரை காய்ந்த இடத்தில்
அரிசி மணி அளவில் ஒன்று.
அசையவில்லை.
மூட்டு மூட்டாக வெள்ளை கிளம்பி
முதுகில் மட்டும் பச்சை தொடங்கியிருந்தது,
ஏழாம் நாள் பை மாதிரியே.
ஒரு சாண் தள்ளி இன்னொரு நுரை, ஈரமாக.
உள்ளே உயிரோடு இரண்டு.

ஒன்பது, இரண்டு என்று எழுதினேன்.
பூஜ்யம் ஆகாது என்று
டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.
ஆகவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்தால் மகன் மைக்கோன்
அடுப்படியில் மறந்த பானை,
நாலு நாள் சோறு.
திட்ட வாயெடுத்தவள்
விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன்.
கறுப்பு.
நம்முடையது இல்லை.

கொட்டிக் கழுவிவிட்டு
பூண்டை நசுக்கி எண்ணெயில் போட்டேன்.
இரண்டு கை அரிசி.
இது மட்டும் வெள்ளையாகவே இருக்கட்டும்.